பசப்பனுக்குக் கோயில் இல்லாத நாடு

ஏழ்குன்றம் என்ற நாட்டில் தெய்வங்கள் ஏழு. ஆறு தெய்வங்கள் மழை, விதை, நெருப்பு என்று ஆளுக்கொரு நல்ல காரியம் பார்த்தன. ஏழாவது தெய்வம் பசப்பன். ஏமாற்றுவதுதான் அவன் வேலை. சந்தை வாசலில் அவனுக்கு ஒரு சின்னக் கோயில் இருந்தது. சந்தைக்குள் போகிறவர்கள், "இன்னிக்கு எங்கிட்ட உன் வேலையைக் காட்டாதேப்பா" என்று கும்பிடுவார்கள். கும்பிட்ட கையோடு தராசையும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பார்கள்.

மன்னர் மெய்ந்நம்பி பட்டத்துக்கு வந்ததும் அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. தலைமை அமைச்சர் அறவாணர் மேடையேறி அறிவித்தார்: "மேன்மை தங்கிய மன்னரின் ஆட்சியில் வஞ்சகம் அடியோடு ஒழிந்தது. ஆகவே அதற்கொரு தெய்வம் தேவையில்லை." மக்கள் கை தட்டினார்கள்.

வஞ்சகம் ஒழிந்துவிட்டதால், ஏமாந்தேன் என்று முறையிடுவது குற்றம் என்றது அடுத்த ஆணை. முறைமன்றங்கள் மூடப்பட்டன. பிறகு மழை பொய்த்துப் பெரிய ஏரி வற்றியது. ஏரி நிறைந்திருப்பதாக அரண்மனை முரசறைந்தது. நிறைந்த ஏரி இருக்கும்போது கிணறு எதற்கு என்று கிணறுகளையும் தூர்க்க ஆள் வந்தது.

ஏரிக்கரையில் கத்தரி போட்டிருந்த காரி, மண்வெட்டியோடு வந்த சேவகர்களை மறித்தான். "ஏரி காஞ்சு கெடக்குதுங்க. ஒரு எட்டு வந்து பாருங்க." யாரும் வந்து பார்க்கவில்லை. அவனைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அறவாணர் அவனுக்குப் பொறுமையாக விளக்கினார்: "அரண்மனை சொல்வது பொய் என்கிறாய். பொய் இருக்கிறதென்றால் பசப்பனும் இருக்கிறான் என்றாகிறது. ஆகவே நீ அவனுடைய அடியான்." காரி சிறையில் அடைக்கப்பட்டான். ஏரியைப் பற்றி வாய் திறந்த மற்றவர்களும் அங்கே இருந்தார்கள்.

அவன் மனைவி தும்பை இரண்டு குன்று தாண்டிச் சுனைநீர் கொண்டுவந்து, உதடு வெடித்துக் கிடந்த மகளுக்கு ஊட்டினாள். ஒரு நண்பகலில் வழியில் ஒருவன் கையேந்தித் தண்ணீர் கேட்டான். இடிந்த கோயிலின் சிலையில் செதுக்கியிருந்தது போலவே, அவன் காலடியில் இரண்டு நிழல்கள் விழுந்தன. அவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"எல்லாம் உன்னாலதானே?"

"என்னாலயா?" பசப்பன் வருத்தமாகச் சிரித்தான். "கோயில்ல இருந்தவரைக்கும் என்னைப் பாத்தாலே ஜனங்க உஷாரானாங்க. இப்ப அரண்மனையில எனக்கே வேலை இல்ல. என்னைவிட நல்லாவே செய்யறாங்க."

கோபம் தீரவில்லை என்றாலும் அவன் கையில் தண்ணீர் ஊற்றினாள். "எம் புருசன் வெளிய வர ஒரு வழி சொல்லு."

"அவங்க பொய்யை எதுத்து நிக்காதே தாயி. முழுசா நம்பிடு. பாதி நம்புறவரைக்கும்தான் அது அவங்க பேச்சைக் கேக்கும்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஏரியின் நிறைவைக் கொண்டாட மன்னர் தெப்பத்தில் உலா வருவார் என்று அறிவிப்பு வந்தது. வறண்ட ஏரியில் தெப்பம் எப்படிப் போகும்? கைதிகள் தோளில் சுமந்தார்கள். கரையில் அமைச்சர்கள், "என்ன அழகாக மிதக்கிறது!" என்று வியந்தார்கள். ஊரையும் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள்.

தெப்பம் சுமந்தவர்களில் முன்வரிசையில் காரி. நடு ஏரிக்கு வந்தபோது அவன் தோளில் ரத்தம் கசிந்தது. பட்டுக்குடையின் கீழிருந்து மன்னர் குனிந்து கேட்டார்: "தண்ணீர் எவ்வளவு ஆழம்?"

காரி மூச்சை இழுத்துக்கொண்டு உரக்கச் சொன்னான்: "கழுத்து வரைக்கும் இருக்குங்க, மகாராசா!"

கரையில் நின்ற தும்பைக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. கத்தினாள்: "ஏங்க! அவ்வளவு தண்ணி இருந்தா எதுக்குச் சுமக்கறீங்க? தெப்பம் தானா மிதக்கும். விட்டுட்டு நீந்தி வாங்க!"

அறவாணர் வாயைத் திறந்தார். அவளைக் கண்டிக்க வேண்டுமென்றால், தண்ணீர் இல்லை என்று சொல்ல வேண்டும். மூடிக்கொண்டார்.

காரி முதலில் தோளை விலக்கினான். மற்றவர்களும் விலக்கினார்கள். தெப்பம் புழுதி கிளப்பித் தரையில் உட்கார்ந்தது. அவர்கள் காற்றில் கை வீசி நீந்திக் கரையேறி, அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள். எந்தக் குற்றம் சொல்லிப் பிடிப்பது என்று சேவகர்களுக்குத் தெரியவில்லை. மறுநாளே ஊரார் தூர்ந்த கிணறுகளை மறுபடி தோண்டத் தொடங்கினார்கள்.

மன்னருக்கு நீச்சல் தெரியாது. இறங்கி நடந்தாலோ ஏரி வற்றியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே அவர் இன்னும் தெப்பத்திலேயே இருக்கிறார். ஆணைகளை அங்கிருந்தே கூவுகிறார். கரையோரம் போகிறவர்கள் நின்று, காதருகே கை வைத்து, மரியாதையாகப் பதில் சொல்கிறார்கள்:

"ஒண்ணும் கேக்கலீங்க மகாராசா. அலைச் சத்தம் பெருசா இருக்கு."