லெவல் மூணு மாமே

சக மனிதரோடு பேசாமல் இருப்பதற்காக இவ்வளவு பாடுபட்ட ஒருவரை அம்பத்தூர் இதுவரை கண்டதில்லை, இனியும் காணப்போவதில்லை. அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஏதோ இருந்தது. ஆபீசில் அவர் 'லெவல் மூணு மாமே'.

கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனி எங்களுடையது. அதில் லெவல் ஒன்று என்றால் கஸ்டமர் திட்டுவதை போனில் கேட்பது. லெவல் இரண்டு, அதே திட்டை மெயிலில் படிப்பது. லெவல் மூன்று, சர்வர் அறைக் குளிரில் உட்கார்ந்துகொண்டு, யார் திட்டினார்கள் என்றே தெரியாமல் இருப்பது. நானும் மாமேயும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் லெவல் ஒன்று.

லெவல் மூன்றுக்குப் போக, மாமே வேப்பம்பட்டிலிருந்து வரும் ரயிலில் நின்றபடியே படித்து, கிளவுட், நெட்வொர்க் என்று சர்ட்டிபிகேட்டாக வாங்கிக் குவித்தார். ஒவ்வொன்றுக்கும் மேனேஜர் மனமாரக் கைகுலுக்கினார்.

"சூப்பர்! இனிமே கிளவுட் கஸ்டமர் காலையும் நீங்களே எடுத்துக்கோங்க."

மாமே என்னிடம் வந்து பொருமுவார். "இன்னா மச்சான் இது! மேல ஏறலாம்னு பாத்தா ஏணியக் கீய இஸ்துகினு கீறாரு!"

பூந்தமல்லி மளிகைக்கடைக்காரர் ஒருவர் பில் வரவில்லை என்று முக்கால் மணி நேரம் கத்தினார். பிரிண்டரில் பேப்பர் இல்லை. அன்று மாமே அழுதேவிட்டார்.

கடைசியில் மேனேஜர் ஒரு வரம் தந்தார். கஸ்டமர்களுக்குத் தானாகப் பதில் சொல்லும் குரல் பதிவு ஒன்றைத் தயார் செய்து, வரும் போன் கால்களைப் பாதியாக்கினால் சர்வர் அறை. மாமே மூச்சைப் பிடித்துக்கொண்டு செந்தமிழில் பதிந்தார். "வணக்கம். முதலில் பேப்பர் உள்ளதா என்று பார்க்கவும்." கேபிள், பாஸ்வேர்டு எல்லாம் சொல்லி முடித்தவர் ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்துவிட்டார். அத்தனை சர்ட்டிபிகேட்டில் எதிலும் அந்தப் பாடம் இல்லை போலிருக்கிறது.

மறுநாள் முதல், அழைத்த எல்லாருக்கும் அந்தக் குரல் யோசனைகளைச் சொல்லிவிட்டு, "அப்பாடா, முட்ஞ்சிச்சு. வா மச்சான், துன்னப் போலாம். பசி உயிரு போவுது" என்றது.

மேனேஜர் கொதித்தார். ஆனால் கால்கள் மளமளவெனக் குறைந்தன. கத்த வந்தவர்கள் சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டார்கள். பூந்தமல்லிக்காரர் மட்டும் காத்திருந்து என்னைப் பிடித்தார். "ஏன் நைனா, அந்தத் தம்பி துன்ட்டாரா?"

மாமேக்கு சர்வர் அறை கிடைத்தது. சில மாதங்களில் வேறு ஊரில், இன்னும் பெரிய கம்பெனியில், இன்னும் பெரிய சர்வர் அறை. "அங்க போனே இல்ல மச்சான்!" என்று குதித்தார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பக்கத்து நாற்காலியைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

பதிவைத் திருத்தும் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது. கேட்டு வாங்கும் பொறுப்பை மேனேஜர் என்னிடம் கொடுத்தார். மாமே போனே எடுப்பதில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

தினமும் மதியம் எங்கள் ஆபீஸ் நம்பரை நானே அழைக்கிறேன். பேப்பர், கேபிள், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்கிறேன். அவர் கூப்பிட்ட பிறகுதான் சாப்பிடப் போகிறேன்.