பிரேக் போட்டால் மழை

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ரோடு பாதி காய்ந்துவிட்டது. ஆனால் கூரைக்காரர் மட்டும் தன் வண்டியிலிருந்து சொட்டச் சொட்ட இறங்கினார்.

கேட்டில் நின்ற வீட்டுக்காரர் ஒருமுறை வானத்தைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"எங்க சார் மழை?"

"வர்ற வழியில, ஒரு தெருவுல மட்டும் பிடிச்சுக்கிச்சு."

"ஒரு பக்கம்தான் நனைஞ்சிருக்கு?"

"அந்தத் தெருவுலயும் ஒரு பக்கம்தான் பேஞ்சுது."

வலது தோளும் வலது காதும் ஊறிப் போயிருந்தன. இடது பக்கச் சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. வீட்டுக்காரர் வண்டியின் கதவில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். 'மாடி ஒழுகலா? கவலையை விடுங்கள். நாங்கள் தொட்ட கூரையில் ஈரம் தங்காது.'

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று கேட்டைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரத்தில் அப்படிச் சாத்தப்பட்டது அது மூன்றாவது கேட்.

கூரைக்காரருக்கு இருபது வருஷமாக ஒழுகும் கூரைகளை நிறுத்துவதுதான் தொழில். எந்த விரிசலில் எந்தத் தண்ணீர் நுழைந்து எந்தச் சுவரில் எட்டிப்பார்க்கும் என்று அவருக்கு அத்துப்படி. மழைக்காலம்தான் அவருக்கு அறுவடை. அதை நம்பித்தான் கோடையிலேயே ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிப் போட்டார். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் ஏணியும் ரசாயன டப்பாக்களும் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, உண்மையிலேயே மேலே, கண்ணாடி போட்ட ஒரு சன்ரூஃப்.

"சுமை வண்டிக்கு எதுக்குங்க மேல ஜன்னல்? சிமெண்ட் மூட்டை நட்சத்திரம் பார்க்கணும்னு அழுதுச்சா?" என்று மனைவி அன்றே கேட்டாள். அவள் தையல்காரி. எதையும் வெட்டுவதற்கு முன் இரண்டு தரம் அளப்பவள்.

"ஒரு டாக்டர் வச்சிருந்த வண்டியாம். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பாராம். புரோக்கர் சத்தியம் பண்ணிச் சொன்னார்."

"புரோக்கர் சத்தியமா? அப்ப சரிதான்."

முதல் மழையிலேயே சாயம் வெளுத்துவிட்டது. அதுவும் நேரடியாக ஒழுகினால் பரவாயில்லை. அந்தத் தண்ணீருக்குக் குசும்பு அதிகம். மழை பெய்யும்போது சாதுவாக இருக்கும். தகரத்துக்கும் உள்கூரைத் துணிக்கும் நடுவே போய்ப் பதுங்கிக்கொள்ளும். மழை விட்டு, வெயில் அடித்து, ஊரே குடையை மடக்கிய பிறகு, கூரைக்காரர் எங்காவது பிரேக் போட்டால் போதும், மொத்தமாக முன்னால் ஓடி வந்து அவர் தலையில் இறங்கும்.

"ஊர் ஒழுகலை எல்லாம் நிறுத்துறவன் வண்டியே ஒழுகுதுன்னா எவன் என்னை மாடிக்கு ஏத்துவான்?" என்று ஈரத் துண்டோடு சோபாவில் சாய்ந்தார்.

"சோபாவுல ஈரத்தோட உக்காராத மச்சான்" என்றார் மாமா, அதே சோபாவில் படுத்தபடி.

மாமா என்பது கூரைக்காரரின் அக்கா வீட்டுக்காரர். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். அது மூன்று வாரத்துக்கு முந்தைய கதை. உலகத்தில் அவருக்குத் தெரியாத வேலை கிடையாது, பக்கத்தில் நின்று சொல்வதற்கு மட்டும்.

"இதெல்லாம் ஒரு பிரச்சினையா? ஊர்ல உள்ள விரிசலுக்கெல்லாம் பசை பூசுற. உன் வண்டிக்குப் பூச உனக்குக் கை வரலையா?"

அது நியாயமாகத்தான் பட்டது. கூரைக்காரர் தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த பசையை எடுத்துக் கண்ணாடியைச் சுற்றிலும் விரல் கனத்துக்குப் பூசினார். இனி அந்தக் கண்ணாடி ஜென்மத்துக்கும் திறக்காது. திறந்து என்ன ஆகப் போகிறது?

மறுநாள் கொட்டித் தீர்த்தது. மழை விட்டுப் பிரேக் போட்டபோதும் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. கூரைக்காரர் சீட்டி அடித்துக்கொண்டே போனார். சிக்னலில் வலது பக்கம் திரும்ப விளக்கைப் போட்டார்.

ஹாரன் அடித்தது.

விளக்கை அணைத்தார். வைப்பர் ஓடியது. வைப்பரை நிறுத்தினார். மறுபடியும் ஹாரன், இந்தத் தடவை நிற்காமல்.

போக்குவரத்துப் போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டினார். "சிவப்பு விளக்குல எதுக்குய்யா இப்படி அடிக்கிற?"

"நான் அடிக்கலை சார். வண்டி தானா அடிக்குது."

"நீ இறங்கு. அப்பவும் அடிக்குதான்னு பார்ப்போம்."

இறங்கினார். அப்போதும் அடித்தது. போலீஸ்காரரே இரக்கப்பட்டு வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

மேலே வழி அடைபட்ட தண்ணீர், முன்கண்ணாடி ஓரத்துத் தூணுக்குள் இறங்கி, ஃபியூஸ் பெட்டியில் போய்க் குடியேறியிருந்தது. மெக்கானிக் அரை நாள் காய வைத்தார். "தண்ணி எங்கயோ நிக்குது சார்" என்றார்.

"எங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் எங்கயோன்னு சொல்றேன்?"

மாமா அடுத்த யோசனையோடு தயாராக இருந்தார். "தண்ணி மேலயே படக்கூடாது. அவ்வளவுதான விஷயம்? தார்ப்பாய் போட்டுக் கட்டு."

கட்டினார். கூரை வேலை செய்பவர், தன் கூரைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு தெருவில் போனார். வேகம் ஏற ஏறத் தார்ப்பாய் பலூன் மாதிரி உப்பியது. கடைத்தெருவின் நடுவில் கயிறு அறுந்து, பறந்து போய், பின்னால் வந்த பால் வண்டியின் முகத்தில் மூடிக்கொண்டது. பால்காரர் இறங்கி வந்து கதவில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். கடைத்தெருவே கூடிப் படித்தது. ஒருவர் போட்டோ எடுத்தார். கூரைக்காரரையும் சிரிக்கச் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாமாவுக்கு முதல்முறையாகச் சொந்தமாக ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. கண்ணாடி பதிந்திருக்கும் சட்டத்தின் மூலையில், பசையின் ஓரமாக, ஒரு சின்ன ஓட்டை.

"மச்சான், இங்க பாரு! இது அடைச்சிருக்கு. காத்தடிச்சா போயிடும்."

பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் குழாயை வாங்கி, ஓட்டையில் வைத்து அழுத்தினார். உள்ளே எங்கோ 'பொட்' என்று ஒரு சத்தம்.

"போச்சு பார்!" என்றார் மாமா பெருமையாக.

போனது அடைப்பு இல்லை. உள்ளே மாட்டியிருந்த ரப்பர் குழாய். மறுநாள் மழையில் மாமா முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். கூரைக்காரர் வேகத்தடையில் பிரேக் போட்டார். ஒரு குடம் தண்ணீர், ஒரு துளி சிதறாமல் மாமாவின் மடியில் இறங்கியது.

மூன்று வாரத்தில் முதல்முறையாக மாமா, "ஊருக்குப் போற பஸ் எத்தனை மணிக்கு?" என்று விசாரித்தார். கூரைக்காரரின் மனைவிக்கு அந்த வண்டி மேல் லேசாக ஒரு மரியாதை வந்தது.

அன்று மாலைதான் அந்த போன் வந்தது.

நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் ஃபாக்டரியின் முதலாளியம்மா. மூன்று பெரிய கட்டடம், மூன்று கூரை, மூன்றும் ஒழுகல். உருளை உருளையாகக் காகிதம் நனைந்து வீணாகிறது. ஏற்கெனவே மூன்று பேர் வந்து பூசிவிட்டுப் போய், ஒழுகல் இடம் மாறியதுதான் மிச்சம். இந்த வேலை கிடைத்தால் ஒரு வருஷத்துக்கு வேலைக்காக வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம்.

"நீங்க முடிச்ச மாடி ஒண்ணு நான் பார்க்கணும்" என்றார் அந்த அம்மாள். வார்த்தைகளை அளந்து செலவு செய்யும் குரல். "திங்கக்கிழமை காலைல வாங்க. உங்க வண்டியிலயே போயிடலாம்."

"என் வண்டியா? ஒரே சிமெண்ட் தூசிம்மா. உங்க கார்லயே..."

"உங்க வண்டியிலயே."

போன் வைக்கப்பட்டது. கூரைக்காரர் நாற்காலியில் சரிந்தார்.

"முடிஞ்சுது. அந்தம்மா மடியில ஒரு குடம் தண்ணி. அதுக்கப்புறம் எந்த மாடியைக் காட்டி என்ன?"

மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள். "ஒண்ணு கேக்கறேன். ஒழுகுற மாடிக்குப் போனதும் முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"தண்ணி ஊத்திப் பார்ப்பேன். எங்க போகுது, எங்க நிக்குதுன்னு."

"இதுக்கு ஊத்தினீங்களா?"

கூரைக்காரரின் இருபது வருஷ அனுபவம் ஒரு நிமிஷம் தலையைத் தொங்கப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பித்தார்கள். அவர் பசையை முழுக்கச் சுரண்டி எடுத்துக் கண்ணாடியைத் திறந்தார். அவள் ஸ்டூலில் ஏறி, சட்டத்தில் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினாள். கண்ணாடியைச் சுற்றி ஒரு சின்ன வாய்க்கால் இருந்தது. வாய்க்காலின் நான்கு மூலையிலும் நான்கு துளை. இரண்டில் தண்ணீர் நகரவே இல்லை. ஒன்றில் சோம்பலாக இறங்கியது. மாமா ஊதிய துளையில் மட்டும் ஜோராக உள்ளே போனது, நேராக முன்சீட்டுக்கு.

"அட, இது மொட்டை மாடியேதான்!" என்று கூவினார் கூரைக்காரர். "கண்ணாடி ஓரமாத் தண்ணி வரத்தான் செய்யும். அதுக்குத்தான் வாய்க்கால். வாய்க்காலுக்குக் குழாய். குழாய் அடைச்சிருக்கு. நான் என்னடான்னா மேல பசையைப் பூசிக்கிட்டு..."

"உள்ள வர்றது தப்பே இல்லைங்க" என்றாள் மனைவி. ஜன்னல் வழியே சோபாவைப் பார்த்துக் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். "வந்தது காலாகாலத்துல கிளம்பணும். எல்லாத்துக்கும் அதுதான்."

சோபாவில் மாமா புரண்டு படுத்தார்.

சைக்கிள் பிரேக் கம்பியைத் துளைக்குள் விட்டுக் குடைந்ததும், சக்கரத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கட்டி எட்டிப்பார்த்தது. மக்கிய இலை, சேறு, எறும்பு கட்டிய மண். இரண்டு மூன்று வருஷச் சேமிப்பு. பிடுங்கிக்கொண்ட ரப்பர் குழாய்தான் பாடாய்ப் படுத்தியது. தூணுக்குள் கை நுழையவில்லை. அதற்கும் மனைவிதான் வந்தாள். குழாயின் முனையில் நூல் கட்டி, நூலைக் கம்பியில் கோத்து, பாவாடைக்கு நாடா கோப்பது போலக் கீழே தள்ளி மேலே இழுத்தாள். குழாய் வந்து மூலையில் உட்கார்ந்தது. கூரைக்காரர் இறுக்கமாகக் கிளிப் போட்டுக் கண்ணாடியைச் சாத்தினார்.

"ஊத்து!"

அவள் ஒரு வாளியை அப்படியே கவிழ்த்தாள். வண்டிக்குள் ஒரு துளி இல்லை. நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் நான்கு அருவி கொட்டியது. கூரைக்காரர் நனைந்த தரையில் ஒரு சுற்று ஆடியேவிட்டார்.

"நான் ஊதினதுலதான் பாதி இளகியிருக்கு" என்றார் வாசலுக்கு வந்த மாமா. கையில் பை இருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஃபாக்டரி வாசலில் முதலாளியம்மாவை அவருடைய டிரைவர் குடைபிடித்துக் கூட்டி வந்து முன்சீட்டில் ஏற்றினார். அந்த அம்மாள் கைப்பையைக் கீழே வைக்கவில்லை. குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார்.

கூரைக்காரர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். ரசாயனம் பற்றி, உத்தரவாதம் பற்றி. அந்த அம்மாள் மேலே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பிடிப்போ என்று கூரைக்காரருக்குத் தோன்றியது.

"இறக்கத்து ரோடு வழியா போங்க" என்றார் திடீரென்று.

"அது சுத்துங்கம்மா. இப்படிப் போனா..."

"பரவாயில்லை."

இறக்கம் என்றால் செங்குத்து இறக்கம். வண்டியில் எங்காவது தண்ணீர் ஒளிந்திருந்தால் இங்கே வெளியே வந்துதான் ஆக வேண்டும். கூரைக்காரர் கியரைக் குறைத்தார். பிரேக்கைத் தொடாமலே இறங்கிவிடலாம் என்று பார்த்தார். பாதியில் ஒருவன் சைக்கிளைக் குறுக்கே விட்டான். காலை ஊன்றி மிதித்தார். டயர் கத்தியது. கூரைக்காரர் தன்னையறியாமல் கண்ணை மூடி, தோளைக் குறுக்கி, காதைப் பொத்திக்கொண்டார்.

ஒன்றும் விழவில்லை.

மெதுவாகக் கண்ணைத் திறந்தார். முதலாளியம்மாவும் அதே போலத் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். பயந்துவிட்டார் போலிருக்கிறது. அந்த அம்மாள் கையை உயர்த்தி உள்கூரைத் துணியை ஒருமுறை தடவினார். விரலைப் பார்த்தார்.

"வண்டியைத் திருப்புங்க."

"இன்னும் மாடியே பார்க்கலையேம்மா!"

"பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு."

பிரேக் போட்ட லட்சணத்திலேயே வேலை போயிற்று என்று கூரைக்காரர் முடிவு கட்டினார். திரும்பும் வழியெல்லாம் அந்தச் சைக்கிள்காரனைத் திட்டிக்கொண்டே வந்தார். ஃபாக்டரி வாசலில் முதலாளியம்மா இறங்கினார். இரண்டடி நடந்து, நின்று, திரும்பினார்.

"மூணு கூரையும் உங்களுக்குத்தான். நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க."

கூரைக்காரருக்குக் காதில் விழுந்தது. புத்தியில் விழ அரை நிமிஷம் ஆனது. அந்த அம்மாள் அதற்குள் உள்ளே போய்விட்டார். கொட்டுகிற மழையில் கூரைக்காரர் இறங்கி நின்று, இரண்டு பக்கமும் சமமாக, சந்தோஷமாக நனைந்தார். உடனே மனைவிக்கு போன் போட்டுச் சொன்னார். அவள் போட்ட சத்தம் போனுக்கு வெளியேயும் கேட்டது.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால், முதலாளியம்மாவின் டிரைவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பானட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, வண்டி பிடிச்சிருக்கா?" என்றார் கூரைக்காரர். "உங்கம்மா ஒரு மாடியைக்கூடப் பார்க்காம மூணு கூரையையும் குடுத்துட்டாங்க. எதை நம்பிக் குடுத்தாங்கன்னுதான் எனக்குப் புரியலை."

டிரைவர் சிரித்தார். "ரெண்டு மழைக்காலம் இதுக்குள்ள குடை பிடிச்சுக்கிட்டு வந்தவங்க சார் எங்கம்மா, நாலு மெக்கானிக்கும் கைவிட்டதும், கடைசியில நாங்க புரோக்கர் தலையில கட்டின இந்த வண்டி உங்ககிட்ட ஓடுறதைப் பார்த்ததுமே, 'அந்த ஒழுகலை மட்டும் அந்தாளு நிறுத்தியிருந்தா, என் கூரையைக் கண்ணை மூடிக்கிட்டு குடுத்துடுவேன்'னு சொன்னாங்க!"