நீர்வேலிக்கு ஒரு பட்டாளக் குடும்பம்

நீர்வேலிப் பட்டாளக் குடும்ப உதவிச் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். உபதலைவர்கள் மூவர் இருந்தார்கள். ஒருவரை மட்டும் போட்டால் ஊரின் மற்ற இரண்டு பகுதியாரும் கோயில் திருவிழாப் பக்கமே தலைகாட்ட மாட்டோம் என்று நின்றதால் மூவர். காரியதரிசி இருந்தார். சங்கத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிய பலகைகூட இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். பட்டாளக் குடும்பம்.

"ஊர் முழுக்கத் தேடிப் பாத்தாச்சு," என்றார் தலைவர் கதிரவேலர். மலாயாவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பென்சனோடு ஊர் திரும்பியவர் அவர். "கிளாக்கர்மார் இருக்கினம். வாத்திமார் இருக்கினம். துவக்குப் பிடிச்சவன் ஒருத்தன் இல்லை. வாற சனிக்கிழமை துரைசாணி வந்து, 'எங்கை குடும்பம்?' எண்டு கேட்டா எதைக் காட்டுறது, விதானையார்? பலகையையோ?"

ஊருக்கு அரசாங்கத்தின் ஆளான விதானையார் பஞ்சலிங்கம் பலகையைத் துடைக்கத் தொடங்கினார். பிழை அவருடைய நாக்கில் இருந்தது.

ஒரு மாதத்துக்கு முன், விதானைமாருக்கெல்லாம் மேலே இருந்த மணியகாரர் சிவசுப்பிரமணிய முதலியார் எல்லாரையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார். சண்டைக்குப் போனவர்களின் வீட்டாரைத் தாங்க ஊருக்கு ஊர் சங்கம் வேண்டும், அதைப் பார்வையிட ஏசண்டர் துரையின் மனைவி துரைசாணி வருவாள் என்று மேலிடத்துக் கட்டளை. "உம்மடை பகுதியிலை பட்டாளக் குடும்பங்கள் இருக்குத்தானே?" என்று முதலியார் கேட்டார். "ஓம் ஐயா," என்றார் பஞ்சலிங்கம். முதலியாரிடம் அவர் அதைத் தவிர வேறெதையும் என்றைக்குமே சொன்னதில்லை. 'இல்லை ஐயா' என்றால் அடுத்த கேள்வி, 'உம்மடை பெடியள் ஏன் சேரேல்லை?' என்றுதானே வரும்? அதுவுமல்லாமல் விதானைக்கு ஒரு படி மேலான உடையார் பதவி ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் பஞ்சலிங்கத்துக்கு ஒரு கண்.

குடும்பம் இல்லையென்றால் உண்டாக்குவோம் என்று புறப்பட்டார். வளர்ந்த பெடியன்கள் மூன்று பேரை வைத்திருந்த சிவக்கொழுந்து என்பவளின் வீட்டுப் படலையில் போய் நின்றார்.

"சிவக்கொழுந்து, மூண்டு பேரிலை ஒருத்தனைப் பட்டாளத்துக்கு விட்டால் சங்கம் உன்னைத் தலையிலை வைச்சுத் தாங்கும்."

"உங்கடை மோனும் சும்மாதானே இருக்கிறான் விதானையார்? அவனை அனுப்புங்கோ. சங்கம் என்னத்துக்கு? உங்கடை மனிசியை நான் தனியாளா நிண்டு தாங்கிறன்."

அவர் வீட்டுக்கு வந்து சேருமுன், விதானையார் சொந்த மகனையே சண்டைக்கு அனுப்பப் போகிறார் என்ற செய்தி வந்து சேர்ந்துவிட்டது. மனைவி குணலட்சுமி அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை. மறுநாள் குழம்பே வைக்கவில்லை.

வழி காட்டியவன் மீன்காரன் சந்தியோகு. கடற்கரையில் கத்தோலிக்கர் ஊரான குருநகரிலிருந்து சைக்கிளில் வருபவன்.

"குடும்பந்தானே ஐயா வேணும்? எங்கடை பக்கத்திலை மரியநாயகி எண்டு ஒருத்தி இருக்கிறாள். புருசன் மெய்யாவே பட்டாளத்திலை. ரெண்டு பிள்ளையள். கூட்டிக்கொண்டு வரட்டே?"

"கூட்டிக்கொண்டு வாறதோ? மீனே அது, கடகத்திலை வைச்சுக் கட்டிக்கொண்டு வர?"

"ஒரு நாளைக்குத்தானே ஐயா. காட்டிப்போட்டுத் திருப்பி விடுங்கோவன்."

மரியநாயகி வந்தாள். முப்பது வயதிருக்கும். வாட்டசாட்டமான பெண். பிள்ளைகளை வாழைத் தோட்டத்தில் விளையாட விட்டுவிட்டு, விதானையாருக்கும் மனைவிக்கும் முன்னால் வந்து நின்றாள். குணலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவவை ஆர் நீர்வேலியாள் எண்டு நம்புவினம்? பேர் வேறை மரியநாயகி!"

"பேரை மாத்தலாம் அம்மா. மாரியம்மா எண்டு வையுங்கோ. கூப்பிட்டால் திரும்புவன்."

"அப்ப திருநீறு?"

மரியநாயகி சற்று யோசித்தாள். "பூசலாம். ஆனா பேந்து நான் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும். அதுக்குப் புறம்பா ஒரு வாழைக்குலை."

பஞ்சலிங்கம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "துரைசாணி வரேக்கை... கொஞ்சம் அழுவியோ பிள்ளை?"

"சத்தமாவோ ஐயா, கண்ணீர் மட்டுமோ?"

விதானையாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தன் வாழைத் தோட்டத்துக் கொட்டிலைத் துப்புரவாக்கி அவளுக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு நின்றபோது மனம் கொஞ்சம் உறுத்தியது.

"உன்ரை மனிசன் இப்ப எங்கை?"

"திருக்கோணமலையிலை எண்டு கடைசியாச் சொன்னவை. சப்பான்காரன் குண்டு போட்டதுக்குப் பிறகு கடுதாசி இல்லை," என்றாள். இதை அவள் அழாமல்தான் சொன்னாள்.

"உங்கடை ஊரிலை சங்கம் இல்லையோ, உன்னைப் பாக்க?"

"இருக்கு ஐயா. அதுக்கு ஆர் தலைவர் எண்டுதான் இன்னும் முடியேல்லை."

சனிக்கிழமை வந்தது. துரைசாணி வரவில்லை. துரைசாணிக்குத் தும்மலும் தடிமனும் என்று ஆள் வந்து சொன்னான். அடுத்த கிழமையும் தடிமன் விடவில்லை. ஒரு நாளைக்கென்று வந்த குடும்பம் தங்கிவிட்டது. ஞாயிறு பூசைக்கும், இடையிடையே வேறு ஏதோ நேர்த்திக்கும் குருநகர் போய்வருவதைத் தவிர, மரியநாயகி கொட்டிலிலேயே இருந்தாள்.

கையில் ஒரு குடும்பம் அகப்பட்டதும் சங்கத்துக்கு வேகம் பிறந்தது. முதலாவது உபதலைவர் கொட்டிலுக்குப் புதுக் கிடுகு வேய்ந்தார். இரண்டாவது உபதலைவர் அதைப் பார்த்துவிட்டு நாலு பக்கமும் வேலி அடைத்தார். மூன்றாமவருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே, ஏற்கெனவே ஒரு கிணறு இருந்த அந்தத் தோட்டத்தில் பக்கத்திலேயே இன்னொரு கிணறு வெட்டத் தொடங்கினார். தலைவரின் மனைவி ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, மேலிடம் அனுப்பிய கம்பளி நூலில், ஆவணி வெயிலில் வியர்க்க வியர்க்கப் பட்டாளத்தார் சப்பாத்துக்குள் போடும் கால்மேசு பின்னினாள். அதில் ஒன்று தேத்தண்ணி வடிக்கப் போயிற்று.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு நாள் ஞானாம்பிகை சங்கத்துக்கு வந்தாள். அவளுடைய கணவன் மலாயா ரெயில்வேயில் கிளாக்கர். சிங்கப்பூர் விழுந்த பிறகு அங்கிருந்து கடிதமும் இல்லை, காசும் இல்லை.

"அண்ணை, எனக்கும் ஏதும் அரிசி கிரிசி..."

கதிரவேலர் பலகையைக் காட்டினார். "சங்கத்தின்ரை பேரைப் பார் பிள்ளை. பட்டாளம். உன்ரை மனிசன் துவக்கே பிடிச்சவர்? பேனையெல்லோ!"

ஞானாம்பிகை வெறுங்கையோடு திரும்பிப் போனாள். அன்று பின்னேரம் மரியநாயகி, சங்கம் தனக்குத் தந்த அரிசியில் பாதியை ஒரு சுளகில் கொட்டி, புது வேலிக்கு மேலாக ஞானாம்பிகையிடம் நீட்டுவதைப் பஞ்சலிங்கம் கண்டார். காணாதவர்போல வாழைக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

ஒருவழியாகத் தடிமன் விட்டது. முதலியார் காரிலேயே வந்து இறங்கினார்.

"வாற சனி அம்மா கட்டாயம் வாறா. ஒரு குடும்பம் காணாதாம். குறைஞ்சது மூண்டாவது பாக்கவேணுமாம். இருக்குத்தானே?"

"ஓம் ஐயா," என்றது பஞ்சலிங்கத்தின் வாய், அவரைக் கேளாமலே.

இரண்டாவது குடும்பத்துக்கு ஆள் அகப்பட்டுவிட்டது. கதிரவேலரே ஞானாம்பிகையின் வீட்டுக்குப் போனார். "யோசிச்சுப் பாத்தன் பிள்ளை. பட்டாளம் என்னத்திலை போறது? ரெயிலிலை. ரெயிலை ஓட்டுறது ஆர்? ரெயில்வேக்காரன். அப்ப உன்ரை மனிசனும் பட்டாளந்தான்."

மூன்றாவதற்கு ஊரில் ஒருத்தியும் ஒத்துக்கொள்ளவில்லை. பஞ்சலிங்கம் குசினி வாசலில் போய் நின்றார்.

"இஞ்சாரும், ஒரு நாளைக்கு நீர் பட்டாளக்காரன் பெண்சாதியா இருக்கவேணும்."

"நீங்கள் குத்துக்கல்லு மாதிரி முன்னாலை நிக்கேக்கையோ? துரைசாணிக்கு மாலை போடுறது ஆர்? நீங்கள். சண்டைக்குப் போனது ஆர்? அதுவும் நீங்கள்!"

"துரைசாணிக்கு என்னைத் தெரியாதெல்லே."

"நான் மாட்டன்."

"சரி, சிவக்கொழுந்துவைக் கேப்பம். முன்வரிசைக் கதிரை அவளுக்கு."

குணலட்சுமி அகப்பையைக் கீழே வைத்தாள். "கூறைச் சேலை உடுக்கலாமோ?"

"உதவி வாங்க வாற மனிசி கூறையோடை வாறதோ?"

"கூறையும் அட்டியலும் இல்லாமல் நான் சபையிலை இருக்கமாட்டன். வேணுமெண்டால் நீங்களே சேலையை உடுத்திக்கொண்டு இருங்கோ."

சனிக்கிழமை வந்தது. துரைசாணியும் வந்தாள். நல்ல உயரம். தொப்பியில் ஒரு பறவையின் இறகு. மேளம் அடித்தது. பஞ்சலிங்கம் மாலை போட்டார். பதிலுக்குக் கதிரவேலர் விதானையாருக்கு ஒரு மாலை போட்டார். பிறகு கதிரவேலர் இங்கிலீசில் பேசத் தொடங்கி, மலாயாவின் எல்லா ஸ்டேஷன்களிலும் நின்று நின்று வந்தார். பேச்சு முடிந்ததும் துரைசாணி எழுந்து மூன்று பெண்களும் இருந்த கதிரைகளுக்கு வந்தாள். மொழிபெயர்க்க முதலியார் கூடவே வந்தார்.

முதலில் ஞானாம்பிகை. அவளுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கணவன் எங்கே என்று கேட்டதும் உதடு துடித்தது, கண் நிறைந்தது. துரைசாணி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். இவளுக்கு மாதாமாதம் அரிசி கொடுக்கவேண்டும் என்று திரும்பிச் சொன்னாள். அதற்கு எல்லாருக்கும் முதல் கைதட்டியவர் கதிரவேலர்.

அடுத்தது குணலட்சுமி. கூறைச் சேலை, அட்டியல், காப்பு, கல்லுத்தோடு எல்லாமாக, கலியாணப் பந்தலிலிருந்து நேரே எழுந்து வந்தவள்போல இருந்தாள். துரைசாணி அவளைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"உம்மடை புருசன் இப்ப எங்கை எண்டு அம்மா கேக்கிறா," என்றார் முதலியார்.

பர்மா என்று சொல்ல அவளைப் பழக்கியிருந்தார்கள். சபையைக் கண்ட கலவரத்தில் பர்மா பறந்துபோயிற்று.

"அவரோ? உதிலை, மாலையோடை நிக்கிறார்!"

மேளகாரன் மேளத்தைத் தள்ளி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். மூன்றாவது உபதலைவர் வெட்டிய இரண்டாவது கிணறு எதற்கு என்று பஞ்சலிங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. போய் விழுந்துவிடலாமா என்று பார்த்தார். உடையார் பதவி கண்முன்னே உருண்டு வாழைத் தோட்டத்துக்குள் போய் மறைந்தது. இருக்கிற விதானை வேலையும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

முதலியாரின் முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை. துரைசாணியின் பக்கம் திரும்பி இங்கிலீசில் நீளமாக, உருக்கமாக ஏதோ சொன்னார். அதில் ஒரேயொரு சொல்தான் பஞ்சலிங்கத்துக்குப் பிடிபட்டது. 'பர்மா.'

துரைசாணி கைலேஞ்சியை எடுத்தாள். இருந்தாலும் அவளுடைய கண் அட்டியலை விட்டு நகரவில்லை. நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. வாயைத் திறந்து அடுத்த கேள்வியைக் கேட்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து, "ஐயோ என்ரை ராசா!" என்று ஒரு குரல் எழும்பியது. கடைசிக் கதிரையிலிருந்து மரியநாயகி தலையில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் தாங்களும் அழத் தொடங்கினார்கள். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக வந்து தாயைக் கட்டிக்கொண்டன. துரைசாணி அட்டியலை மறந்து அவளிடம் ஓடினாள். தோளைத் தடவினாள். கைலேஞ்சியை அவளுக்கே கொடுத்துவிட்டாள். திரும்பி முதலியாரிடம் ஏதோ சொன்னாள்.

முதலியார் சபையைப் பார்த்து மொழிபெயர்த்தார். "யாழ்ப்பாணத்துப் பட்டாளக்காரரின்ரை பெண்சாதிமாரிலை ஒருத்தியைப் பாத்தால் எல்லாரையும் பாத்த மாதிரி எண்டு அம்மா சொல்லுறா!"

ஊர் கைதட்டியது. துரைசாணி தன் காரில் ஏறினாள். முதலியாரும் அதிலேயே ஏறினார். ஏறுமுன் பஞ்சலிங்கத்தின் தோளில் தட்டி, "உடையார் வேலைக்கு இப்பிடியான ஆள்தான் வேணும்," என்றார்.

பஞ்சலிங்கத்துக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. நல்லூர்க் கந்தனே முதலியாரின் காதைக் கொஞ்ச நேரம் அடைத்துவிட்டான் என்று நினைத்து, மனதுக்குள் நூறு தேங்காய் நேர்ந்தார். பிறகு கொட்டிலுக்கு ஓடினார். மரியநாயகி திருநீற்றைத் துடைத்துவிட்டு, பிள்ளைகளின் உடுப்புகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். வாழைக்குலை ஏற்கெனவே வாசலில் இருந்தது.

"பிள்ளை, நீ போகவேண்டாம்," என்றார் மூட்டையைப் பிடித்துக்கொண்டு. "இண்டையிலை இருந்து இதுதான் உன்ரை ஊர். உன்னைப்போல ஒரு குடும்பம் எங்களுக்கு வேறை எங்கை கிடைக்கும்?"

"பெரிய மனசு ஐயா. ஆனா நான் நிக்கேலாது, சோலி கிடக்கு."

படலையடியில் ஒரு கார் வந்து நின்றது. முதலியாரின் சொந்தக் கார். நல்ல செய்தியோடு தன்னைத்தான் கூட்டிப்போக அனுப்பியிருக்கிறார் என்று பஞ்சலிங்கம் சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனார். டிரைவர் அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"அக்கா, கெதியா ஏறுங்கோ! துரைசாணி அம்மா வழியிலை தேத்தண்ணி குடிச்சு முடிக்க முந்தி நாங்கள் அரியாலைச் சங்கத்திலை நிக்கவேணும். போன கிழமை தெல்லிப்பழைச் சங்கத்துக்கு உங்களைப் பிந்திக் கொண்டுபோய் இறக்கினதுக்கே முதலியார் என்னைத் தின்னாத குறை!"