ஜவ்வு மாஸ்டரின் ஒரே நாள்

காலத்தை இழுக்கவும் சுருக்கவும் தெரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார். ஊரே அவரை ஜவ்வு மாஸ்டர் என்றது.

செங்கல் சூளை, லாரி கிளீனர், கல்யாணச் சமையல் என்று சுற்றிவிட்டு நான் அங்கே கூலிக்குச் சேர்ந்தேன். நூலைக் கழியில் மாட்டி, கொதிக்கிற தொட்டிக்கு ஒரு பக்கம் மாஸ்டரும் எதிர்ப்பக்கம் நானும் நின்று புரட்டுவோம். ஒரு வாரத்தில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. அப்புறம் புதுத் தோல் வந்தது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

மாஸ்டருக்கு மனைவி இல்லை. எஸ்தர் என்று ஒரே மகள், நர்ஸ். குவைத்தில் இரண்டு வருஷ வேலைக்கு விசா வந்துவிட்டது. கிளம்ப ஒரு வாரம்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து மாஸ்டர் போனில் ஏதோ வீடியோ பார்த்துத் தொலைத்தார்.

“கேட்டுக்கபா. நம்ம மூள நேரத்த கடியாரத்துல பாக்கறதில்ல. புதுசா எதுனா நடந்தா ஞாபகம் ரொம்பும், நாளு நீண்டுக்கினே போவும். தெனம் அதே கதைன்னா சுருங்கிப் பூடும். இந்த வாரத்த, தறிக்கு ஏத்தற பாவு நூல தெருவுல நீட்டறா மாதிரி நீட்டிடறேன் பாரு!”

நீட்டினார். விடிந்ததும் மகளுக்குப் பரோட்டா. மறுநாள் காரணமே இல்லாமல் பக்கத்துக் கூரம் கிராமத்துக்கு ஒரு பயணம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், மகளோடு மாகறல் சிவன் கோயிலுக்குப் போய், நெற்றி நிறைய விபூதியோடு பட்டறைக்கு வந்தார்.

“இன்னா மாஸ்டர், மதம் மாறிட்டீங்களா?” என்றேன்.

“நாள நீட்டறேன்பா. ஏசு கோச்சிக்க மாட்டாரு.”

பாதி வாரத்தில் எஸ்தரே வந்து என்னிடம் முறையிட்டாள். “அண்ணா, நீங்களாவது சொல்லுங்கண்ணா. இன்னும் பெட்டி கட்டல. முசரவாக்கம் ஏரில தூண்டில் போடலாம் வான்றாரு!”

கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாண்டில் மாஸ்டர் மகளிடம் ஆசையாகக் கேட்டார்: “ஒரு வாரம் எப்டிம்மா இருந்துச்சு?”

“ஒரு வருசம் ஆன மாதிரி இருக்குதுபா. ஆள வுடு!”

மாஸ்டர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். பஸ் திரும்பி மறைந்ததும் அந்த முகம் போய்விட்டது. “இனிமே எல்லாம் உல்டாபா. இந்த ரெண்டு வருசத்த சுருக்கணும்.”

ஒரே நிறத்தில் நீலச் சட்டைகளாக வாங்கினார். அதே கடை, அதே இட்லி, அதே பெஞ்சின் அதே ஓரம். “வடை சூடா இருக்குது மாஸ்டர்” என்று சொன்ன பாவத்துக்கு டீக்கடைக்காரரிடம் சண்டை. “நேத்து இன்னா சொன்னியோ, அத்தச் சொல்லு!” வீடியோ காலில் மகளிடமும் தினம் அதே கேள்விகள்தான். ஒருநாள் எஸ்தர், தானே பிரியாணி செய்ததாகச் சொல்லிவிட்டாள். மாஸ்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “எதுக்குப்பா புதுசா சொல்றா? இன்னிக்கி பொழுதே போவாது.”

முதலாளி கிளிப்பச்சை கேட்டு நூல் கொடுத்தார். மாஸ்டர் அரக்குச் சிவப்பு ஏற்றிக் கொடுத்தார்.

“யோவ், நான் கேட்டது கிளிப்பச்சைய்யா!”

“நேத்து அரக்குதானே மொதலாளி?”

“அது நேத்து பொண்ணோட கல்யாணப் பொடவைக்குய்யா! இது வேற பொண்ணு!”

வேறு ஆளாக இருந்தால் விரட்டியிருப்பார். மாஸ்டர் கையால் ஏறும் அரக்கு வேறு யாருக்கும் வராது. முதலாளி பச்சையை எல்லாம் அடுத்த பட்டறைக்கு அனுப்பிவிட்டு, எங்களிடம் அரக்காகவே கொண்டுவந்து கொட்டினார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. “மாஸ்டர், இப்டி இருந்தா பொழுதே நவுர மாட்டேங்குதே!”

“இருக்கசொல்ல நவுராதுபா. திரும்பிப் பாத்தா மொத்தமும் ஒரே நாளா தெரியும். அந்த ஒரு நாள தாங்கிட்டாப் போதும்.”

ஓசூரில் கூலி அதிகம் என்று கேள்விப்பட்டு ஒருநாள் மூட்டையைக் கட்டினேன். மாஸ்டர் தொட்டியிலிருந்து நிமிரவே இல்லை.

“நீ போனா கழி புடிக்க வேற ஆளு வருவான். புது மூஞ்சி. நாளு நீண்டுடும்பா.”

கெஞ்சவில்லை. சாயத்துக்குத் தண்ணீர் அளவு சொல்வதுபோல்தான் சொன்னார்.

அதுவரை எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் நான் தங்கியதில்லை. எஸ்தர் வந்து இறங்கும்வரை, அந்தத் தொட்டிக்கு எதிர்ப்பக்கம் என் மூஞ்சியையே வைத்திருந்தேன்.