பத்தொன்பது வீட்டுக்கு ஒரு நம்பர்

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.25க்குப் பால் பாக்கெட் இரண்டு வந்தன. 5.40க்குக் காபி. 6.00 முதல் 6.20 வரை மொட்டை மாடியில் நடை, இருபத்திரண்டு சுற்று. 6.30க்கு மோட்டார் போட்டு 6.52க்கு நிறுத்தினேன். இவ்வளவும் என் டைரியில் இருக்கிறது. அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் காய்ந்த பசையின் கறையும், பிளேடால் சுரண்டிய ஓர் ஓட்டையும் இருக்கின்றன. அந்த ஓட்டையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

சோம்பேறிகள் செய்யும் தவறைச் சரிசெய்வது சுலபம். பாதி வேலையிலேயே அலுத்துப்போய் விட்டிருப்பார்கள். ஒழுங்கான ஆட்கள் அப்படியில்லை. தவறையும் முழுமையாகச் செய்து முடித்து, தேதி போட்டு, நாலு பேரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருப்போம்.

என் பெயர் தேவகி. வீடு கள்ளிக்குப்பத்தில். அப்போது வயது நாற்பத்தொன்பது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடமாகத் தரப் பரிசோதனை. ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தள்ளிவிடுவதுதான் என் உத்தியோகம். (வீட்டிலும் அதே உத்தியோகம்தான் என்பது என் கணவர் சேகரின் கருத்து.) முதலாளி போலந்தில் ஒரு பிரிவு தொடங்கியிருந்தார். அங்கே இரண்டு வருடம் இருந்து பரிசோதனை வேலையை நிலைநிறுத்த என்னை அனுப்பினார். புறப்பாடு அந்த ஞாயிற்றுக்கிழமை.

பயணத்துக்காக நான் வாங்கிய முதல் பொருள் ஒரு நீள நோட்டு. எந்த போன் வாங்குவது, அந்த ஊரில் எந்தத் திட்டத்தில் சேர்வது என்று தீர்மானிப்பதற்கு. முப்பத்தொரு நாள் கோடு போட்டு எழுதினேன். போன்கள் பதினொன்று, திட்டங்கள் ஆறு. பேட்டரிக்கு இருபது மதிப்பெண். அந்த ஊர் அலைவரிசை பிடிக்குமா என்பதற்கு இருபது. கையுறை போட்ட விரலுக்குத் திரை அசையுமா என்பதற்குப் பத்து. (இதைச் சோதிக்கக் கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டு வெயிலில் கடை கடையாக ஏறினேன். ஆவடியில் ஒரு கடைக்காரர் எதுவும் கேட்காமல் என்னை உட்கார வைத்து, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, தண்ணீர் கொடுத்தார்.) கடைசியில் ஒரு போன் தொண்ணூற்று நான்கு மதிப்பெண் வாங்கித் தேறியது. திட்டமும் அமைந்தது: ஒப்பந்தம் இருபத்துநான்கு மாதம், நான் இருக்கப்போவதும் இருபத்துநான்கு மாதம். இவ்வளவு பொருத்தம் எங்கள் கல்யாணத்துக்குக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் தெருமுனையில் ஜைனப்பின் செல்போன் கடை. அகலம் நாலடி. நாற்பது வயது ஜைனப் அதற்குள் உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, செத்த போன்களை எழுப்புவாள். என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பழைய நம்பரை இன்னாக்கா பண்ணப் போறீங்க?"

"மூடிடுவேன்."

"மூடாதீங்க. புதுப் போன்ல ரெண்டு சிம் போடலாமே. இத ஒரு பக்கமா உயிரோட வெச்சிடுங்க."

"ஒரு ஆளுக்கு ஒரு நம்பர்தான் ஜைனப். ரெண்டு இருந்தா குழம்பும்."

"குழம்புனா தெளிய வெச்சுக்கலாம். செத்துட்டா இன்னா பண்ணுவீங்க? அதுவும் அது உங்க நம்பர் மட்டுமா?"

அவள் ஆலோசனையை மரியாதையாக நோட்டில் எழுதிக்கொண்டேன். எதிரே 'தேவையில்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் பத்தொன்பது வீடு. காஸ் புக் பண்ணவோ, ரேஷன் அட்டைக்கோ, பள்ளிக்கூட விண்ணப்பத்துக்கோ எங்கே நம்பர் கேட்டாலும் என் நம்பரைக் கொடுப்பார்கள். "அந்தக்கா எழுதி வெச்சு சொல்லிடுவாங்க" என்று நம்பிக்கை. சேகருக்கு ஆவடியில் வேலை. தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அவர் நம்பரை யாரும் மதிப்பதில்லை. மற்ற ஆண்கள் சலுகை கிடைக்கும் பக்கமெல்லாம் சிம் மாற்றுவார்கள். பதினான்கு வருடம் மாறாத நம்பர் தெருவிலேயே என்னுடையது ஒன்றுதான். வரும் ஓ.டி.பி.யை எல்லாம் வீட்டு எண், நேரம் போட்டுக் குறித்து, நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வருவேன். பெருமையாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்டவள் சொல்லாமல் மூடுவேனா? முறைப்படி அறிவிப்பு எழுதினேன். 'கீழ்க்காணும் அலைபேசி இணைப்பு 23.08.2024 அன்று நிரந்தரமாகத் துண்டிக்கப்படவிருப்பதால், சம்பந்தப்பட்டோர் உரிய மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' இரண்டு மாலைகளில் பத்தொன்பது கையெழுத்து வாங்கினேன். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் எழுதியதன் தெளிவு அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை 10.10க்கு அம்பத்தூரில் போன் கம்பெனி அலுவலகத்தில் மனு கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பெண், "கண்டிப்பா மூடணுமா மேடம்?" என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் ஆம் என்றேன். "சாயங்காலம் ஆறு மணிக்கு லைன் கட் ஆயிடும்" என்றாள்.

ஆறு மணி வரை ஒரு வேலை பாதியில் தொங்குவதை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சிம்மைக் கழற்றினேன். பழைய காலத்துச் சிம். இப்போது வருவதுபோல நகத்தளவு இல்லை, சுற்றிலும் பிளாஸ்டிக் ஓரம் அகலமாக இருக்கும். கத்தரியால் நாலு பக்கமும் வெட்டினேன். நடுவில் இருந்த தங்க நிறத் தகட்டோடு துண்டுகளை டைரியில் வரிசையாக ஒட்டினேன். கீழே எழுதினேன்: '11.40. நிறைவுற்றது.'

2.20க்குச் செல்வி வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். காலையில் வாசலில் இட்லி போட்டு விற்கிறாள், தெரு முழுக்க அவள் இட்லியில்தான் கண் விழிக்கும். கூடவே மகள் திவ்யா, கையில் அம்மாவின் போன்.

"அக்கா, திவ்யாவுக்கு நர்சிங் சீட்டு வந்துகீது! கவர்மென்ட் காலேஜ்! ஓ.டி.பி. வந்திருக்கும், கொஞ்சம் பாருங்களேன்."

"எந்த நம்பருக்கு?"

"உங்க நம்பருக்குத்தான். எங்கூட்டு ஆளுதான் சட்டை மாதிரி சிம்மை மாத்துறாரே."

"செல்வி, அந்த நம்பரை மூடிட்டேனே. நீகூடக் கையெழுத்து போட்டியே!"

"போட்டேன். தண்ணி லாரி மனுதானே அது?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை எல்லாவற்றுக்கும் மனு எழுதிக் கையெழுத்து வாங்குவது நான்தான். எல்லா மனுவும் ஒரே நடை. பதினான்கு வருடமாக யாருமே படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

திவ்யா சத்தம் போடவில்லை. "அக்கா, அஞ்சு மணிக்குள்ள வெப்சைட்ல போயி சீட்ட ஒத்துக்கணும். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்றாள்.

"நம்பரை மாத்திக் கொடுத்துடலாமா?"

"மாத்துறதுக்கும் பழைய நம்பருக்குத்தான்கா ஓ.டி.பி. போவுது."

டைரியை மார்போடு அணைத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினேன். (இத்தனை வருடத்தில் நான் ஓடியதைத் தெரு பார்த்தது அன்றுதான்.) ஜைனப் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். நேரத்தைப் படித்தாள். 'நிறைவுற்றது' என்பதையும் படித்தாள். "நான்தான் சொன்னேனே" என்று அவள் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் தேதியோடு சொல்லியிருப்பேன்.

"அதே நம்பருக்குப் புது சிம் வாங்கிட்டா?" என்றேன்.

"சிம் மாத்துனா ஒரு நாளைக்கு எஸ்.எம்.எஸ். வராதுக்கா. இதத்தான் எழுப்பணும். ஆறு மணி வரைக்கும் லைன் இருக்குல்ல?" கண்ணாடியை மாட்டிக் குனிந்தவள் நிமிர்ந்தாள். "ஓரத்த எல்லாம் வெட்டிட்டு நடுவ ஏன்கா விட்டீங்க?"

"ஜாக்கெட் வெட்டுற கத்தரி. தகட்டை வெட்டினா மழுங்கிடும்."

அன்று முதல் முறையாகச் சிரித்தாள். "அந்தக் கத்தரி நல்லா இருக்கணும்" என்றாள்.

அடுத்து நான் பார்த்ததை என் பரிசோதனைக் கண்ணால்தான் சொல்ல முடியும். எங்கள் கம்பெனியில் மயிரிழையை அளக்க மூன்று கருவிகள் உண்டு. ஜைனப்பிடம் கட்டைவிரல் நகம் இருந்தது. சூடான காற்று ஊதும் கருவியைத் தூரத்தில் பிடித்து, தன் கன்னத்தில் முதலில் அந்தச் சூட்டைப் பார்த்துக்கொண்டு, பிறகு தாளுக்குக் காட்டினாள். பசை இளகும் நொடியில் பிளேடை உள்ளே விட்டாள். தாள் கிழிந்தது, தகடு கீறலில்லாமல் வந்தது. பின்பக்கப் பசையை நகத்தால் உருட்டி எடுத்தாள். முன்பக்கத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் துடைத்தாள், தூங்கும் குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல. அவசரம் என்பது அந்த நாலடிக் கடைக்கு வெளியேதான் நின்றது.

நான் என் பங்குக்கு மணி சொல்லிக்கொண்டிருந்தேன். "மூணு இருபது... மூணு முப்பது..."

"அக்கா, மணி சொல்லாதீங்க. கை நடுங்குது."

"உனக்கா?"

"எனக்கில்ல. அந்தப் பொண்ணுக்கு."

திரும்பினேன். திவ்யா இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

கடையில் கிடந்த ஒரு பட்டன் போனில் ஜைனப் தகட்டை வைத்தாள். 'சிம் இல்லை' என்றது. எடுத்து மறுபடி வைத்தாள். 'சிம் இல்லை.' மணி நாலைத் தாண்டியிருந்தது.

"உக்கார மாட்டேங்குது. அடியில தாளு குடுக்கணும். கொஞ்சம் கெட்டியான தாளு. உங்க நோட்டுல கிழிங்க."

அந்த நீள நோட்டு என் பையில்தான் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து நோட்டில் தாள் கிழித்தவள் இல்லை. கிழித்தேன். தொண்ணூற்று நான்கு மதிப்பெண் வாங்கிய பக்கம். அவள் அதில் விரல்நுனி அளவு வெட்டி, இரண்டாக மடித்து, தகட்டுக்கு அடியில் வைத்து மூடினாள். முப்பத்தொரு நாள் உழைப்பில் உருப்படியாகப் பயன்பட்டது அந்தத் துண்டுத் தாள்தான்.

4.18. ஒரு கோடு எழுந்தது. பிறகு இரண்டு. பிறகு அந்த போன் கத்த ஆரம்பித்தது. ஏழாம் வீட்டுக்கு சிலிண்டர், பன்னிரண்டாம் வீட்டுக்கு ரேஷன், மூன்றாம் வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி. தெருவின் ஒரு மதியம் முழுக்க அதற்குள் காத்துக்கொண்டிருந்தது. திவ்யா மறுபடி ஓ.டி.பி. கேட்டாள். 4.31க்கு ஆறு இலக்கம் வந்தது. ஜைனப் படித்துச் சொன்னாள். 4.34க்குத் திவ்யா ஒப்புக்கொண்டாள். செல்வி கடைப்படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜைனப் மேசையில் இருந்த ரப்பர் துகள்களை ஊதிவிட்டு, "அக்கா, ஆறு மணிக்கு கட் பண்ணிடுவான். கெளம்புங்க" என்றாள்.

5.25க்கு அதே கவுன்டர். மனுவைத் திரும்பக் கேட்டேன்.

"காலைல ரெண்டு தடவை கேட்டேனே மேடம்!"

"மூணாவது தடவை கேட்டிருக்கலாம்மா" என்றேன். நியாயமில்லாத பேச்சுதான். அவள் சிரித்துக்கொண்டே ரத்து செய்தாள்.

வீடு திரும்பிய சேகர் டைரியை விளக்குக்கு நேரே பிடித்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "இன்னாடி, வெட்டி, ஒட்டி, நேரமும் போட்டுட்ட. ஒரு மாலை போட்டு ஊதுவத்தி ஏத்திருந்தா கச்சிதமா முடிஞ்சிருக்கும்ல?"

ஜைனப் அன்று மாலை வந்து ஒரு யோசனை சொன்னாள். "நம்பரு உங்க பேர்ல இருக்கட்டும்கா. ஆனா அது தெருவோடது. தெருவுலயே விட்டுட்டுப் போங்க. காலைல எல்லாரும் இட்லிக்கு வர்ற எடத்துல." இந்த முறை நோட்டில் எழுதி, எதிரே 'சரி' என்று போட்டேன்.

இதை நான் போலந்தில் இருந்து எழுதுகிறேன். என் புதுப் போனில் ஒரே நம்பர்தான், நான் ஆசைப்பட்டபடியே. ஆனால் என் வங்கிக் கணக்குக்குப் பழைய நம்பர்தான், அதைத் திறக்கச் செல்விக்குத்தான் போன் செய்ய வேண்டும். "இருங்கக்கா, மூணு பார்சல் கட்டிட்டு வரேன்" என்பாள். நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். பிறகு இலக்கத்தைச் சொல்லிவிட்டு, நோட்டில் 'தேவகி அக்கா, சொல்லியாச்சு' என்று நேரம் போட்டு எழுதிக்கொள்வாளாம். திவ்யா நர்சிங் படித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் யாராவது "அந்த வேலை முடிஞ்சுபோச்சு" என்று சொன்னால் போதும், சேகர் உடனே, "மொதல்ல கத்தரிய ஒளிச்சு வைங்க" என்பார். தெருவில் இப்போது எந்த மனு வந்தாலும் முழுதாகப் படித்து, இரண்டு சந்தேகம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்களாம்.

ஆகஸ்ட் 24, சனிக்கிழமை. 5.10க்கு எழுந்தேன். பால் எடுக்கவில்லை, காபி போடவில்லை. சுத்தியல், ஒரு ஆணி, பட்டன் போன் போட்ட துணிப்பை, நூல் கட்டிய பேனா, புது நோட்டு இவற்றோடு செல்வி வீட்டு வாசலுக்குப் போனேன். சுவரில் அளந்து பென்சிலால் குறி போட்டேன். "ஈடு வெந்துடுச்சுக்கா, சீக்கிரம் அடிங்க" என்றாள். அடித்தேன். ஆணி கொஞ்சம் கோணலாக இறங்கியது. பிடுங்கி நேராக அடிக்கலாமென்று கை போனது. அதற்குள் பைக்குள்ளிருந்து போன் அடித்தது. கோணல் ஆணியிலேயே பையை மாட்டிவிட்டு விலகி நின்றேன். செல்வி கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.