மஞ்சள் புள்ளி ரகம்

உலக வரலாற்றில் இன்னும் ஒழுங்காக எழுதப்படாத பகுதி ஒன்று உண்டென்றால், அது பொம்மை கூட்ஸ் பெட்டிகளின் உற்பத்தி வரலாறுதான். அந்தக் களங்கத்தைப் போக்கவே ‘கடலூர்-சிதம்பரம் மாதிரி சரக்குப் பெட்டி ஆராய்ச்சிக் கழகம்’ தோன்றியது. நான் அதன் செயலாளர். ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினால் போதும். எந்த வருஷம், எந்த அச்சில் வார்த்தது, கொக்கியை எப்போது மாற்றினார்கள் என்று சொல்லிவிடுவோம். இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கும் அற்பர்களுக்குக் கழகத்தில் இடமில்லை.

அது 2009. அகலப்பாதை போடுவதற்காகச் சிதம்பரத்தில் அசல் ரயிலை நிறுத்தியிருந்தார்கள். ரயில் ஆராய்ச்சிக்கு இதைவிட உகந்த அமைதி கிடைக்குமா?

தலைவர் கொளஞ்சியப்பன் வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் குடும்பம், மற்றதில் பெட்டிகள். மகள் சுவேதாவுக்கு அது பிளஸ் டூ வருஷம். “புள்ள படிக்க அந்த ரூமைக் காலி பண்ணிக் குடுங்க” என்று அவர் மனைவி செல்லாயி அம்மையார் அரித்துக்கொண்டே இருந்தார். தொல்லை தாங்காமல் தலைவர், “தீபாவளிக்குள்ள இதுல ஒரு அபூர்வ ரகம் தேறலைன்னா காலி பண்ணிடுறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கழகமே கலங்கிப்போனது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, எங்கள் ‘வண்ண நிபுணர்’ தேவசகாயம் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். அங்கே குடிகாடு என்ற ஊரில் ஏதோ ஒரு ரசாயன ஆலையில் காலம் தள்ளியவர். அவருக்கு முன்பே அவர் மூக்கு ஓய்வு பெற்றுவிட்டது. ஒரு பெட்டியை லென்ஸ் வைத்துப் பார்த்தவர் துள்ளிக் குதித்தார்.

“மச்சான்! கதவுல மஞ்சப் புள்ளி! நடுவுல செவப்பு! எந்த கேட்லாக்லயும் இல்ல!”

“ஃபேக்டரில சோதனைக்குப் போட்டுப் பாத்திருப்பானோ?” தலைவர் லென்சைப் பிடுங்கிப் பார்த்தார்.

“சந்தேகமே வேணாம். ரெண்டு கோட்டிங்கு!”

காபி கொண்டுவந்த செல்லாயி அம்மையார் எட்டிப் பார்த்தார். “அய்ய, அது நான் வச்ச பொட்டு. ஆயுத பூசைக்கு மிக்சி, சைக்கிள், தையல் மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சேன். சக்கரம் இருக்கேன்னு இதுக்கும் ஒன்னு வச்சேன்.”

இத்தகைய நெருக்கடியில்தான் ஓர் ஆராய்ச்சிக் கழகத்தின் தரம் தெரியும்.

“ஆதாரம் இருக்கா தங்கச்சி?” என்றார் தேவசகாயம்.

“மோந்து பாருங்கண்ணே.”

அவர் பெட்டியை மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தார். “ஒரு வாசனையும் இல்லியே!”

எனக்குச் சந்தனம் கமகமவென்று அடித்தது. செயலாளர் என்ற முறையில் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

“தண்ணி தொட்டுத் தொடச்சிக் காட்டவா?” என்று அம்மையார் முந்தானையை எடுத்தார். மூவரும் பாய்ந்து தடுத்தோம். சரித்திரச் சான்றை அழிக்க விடலாமா?

அங்கேயே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: மேற்படி பெட்டி ‘மஞ்சள் புள்ளி ரகம்’, மேற்படி அறை பெட்டிகளுக்கே.

அப்போது சுவேதா புத்தகங்களை அணைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். நெற்றியில் பெரிதாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

“எனக்கும் இருக்குப்பா. இப்ப ரூம் குடுப்பீங்களா?”

தலைவர் லென்சைத் தாழ்த்தி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஒன்ன மாரி வூட்டுக்கு வூடு இருக்குதும்மா. இது ஒலகத்துலயே ஒன்னே ஒன்னு.”

நாங்கள் கை தட்டினோம். சுவேதா அவருக்கு ஒரே மகள்.