குட்டை உத்தரத்தில் நீலக் கோடு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம், தையல் மெஷினும் நலம். என் மகள் உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்றும், நீங்கள் அவளை எதிர்த்துப் பேசுவதில்லை என்றும் நம்புகிறேன்.

விஷயம் அந்த உத்தரம்தான். நம் கடை வாசலுக்கு மேலே, நீளம் குட்டையாகவும் ஆழம் பாதி ஆள் உயரத்துக்கும் ஒரு கான்கிரீட் உத்தரம் இருக்கிறதே, அதன் தலையில்தான் மாடித் தண்ணீர்த் தொட்டியின் கால் நிற்கிறது. இன்னும் பெரிய தொட்டி வைக்கலாமா என்று போனில் கேட்டேன். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நீங்கள் இன்ஜினியர் ஆயிற்றே! "மாமா, நீளமான உத்தரம்னா வளைஞ்சு காட்டிட்டுத்தான் உடையும். இது குட்டை. சொல்லாம கொள்ளாம சாய்வா விரிசல் விட்டு வெட்டிக்கும். உள்ள கம்பி எப்படிப் போட்டிருக்குன்னு பாத்து, வெட்டு தாங்குமான்னு கணக்குப் போடணும். நான் வர்ற வரைக்கும் தொட்டியத் தொடாதீங்க" என்றீர்கள். எங்கே வெட்டிக்கும் என்று கேட்டேன். தொட்டியின் கால் இறங்கும் இடத்திலிருந்து தூண் வரைக்கும் என்றீர்கள்.

மாப்பிள்ளை, வெட்டு எங்கே என்று ஒரு தையல்காரனிடம் சொன்னால் அவன் கை சும்மா இருக்குமா? ஸ்டூல் போட்டு ஏறி, துணிக்குக் குறி போடும் நீலச் சாக்கட்டியால் கோடு இழுத்துவிட்டேன். நேர்த்தியான கோடு. முன்பே சொல்லிவைத்திருந்ததால் தொட்டி வைக்க வந்த கொத்தனார் அண்ணாந்து பார்த்தார், அவ்வளவுதான். கண்ணாடி போடாத மனிதர். "ஐயையோ, உத்தரம் விட்டுப்போச்சு! எல்லாரும் வெளிய வாங்க!" மாடியில் குடியிருக்கும் டீச்சரம்மா துவைத்த துணியும் கையுமாகத் தெருவுக்கு ஓடி வந்தார், கொத்தனார் கடை முழுக்க முட்டுக்கழி நட்டார், கோட் தைக்க அளவு கொடுக்க வந்தவர் கழிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு என்னைத் திட்டினார், கடைசியில் உங்கள் அத்தை, "அது இந்த மனுஷன் போட்ட கோடுங்க!" என்று போட்டு உடைத்தாள். கொத்தனாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் கட்டின உத்தரம், யானை ஏறினாலும் அசையாது" என்று கழிகளைப் பிடுங்கி எறிந்து, அன்றைக்கே பெரிய தொட்டியை ஏற்றி, விளிம்பு வரை தண்ணீரும் நிரப்பிவிட்டார். நான் தெருவில் நின்று உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீட்டையும் கடையையும் விட்டால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் உத்தரத்திடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை, மாப்பிள்ளை.

ஆகவே சோதனை முடிந்தது. நீங்கள் லீவு போட்டு வர வேண்டாம். இன்ஜினியர்கள் பயமுறுத்துவதற்கென்றே படிக்கிறார்கள் என்று உங்கள் அத்தை சொல்கிறாள். நான் சொல்லவில்லை. இருவரும் சகல சௌபாக்கியங்களோடும், சண்டை கொஞ்சம் குறைவாகவும் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: டீச்சரம்மா பயப்படுகிறாரே என்று சற்றுமுன் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்தேன். நீலம் போய்விட்டது. கோடு போகவில்லை. நகம் உள்ளே போகிறது. கொத்தனார் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார், தெருவெல்லாம் வெள்ளம், நாங்கள் எல்லோரும் அதில்தான் நிற்கிறோம். கடிதத்தை அவரே கொண்டுவருகிறார், அவரோடு உடனே கிளம்பி வாருங்கள். கடைக்குள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. நீங்களாகத்தான் இருக்கும். உள்ளே போய் எடுக்கத்தான் ஆளில்லை.